கசிந்த குழாயும் ஒரு பனித் திருவிழாவும்

குளிர்நாடுகளில் அருவிகள் உறைந்து சுவராக நிற்கும் மாதங்களில், இரு கையிலும் கோடரி, காலில் இரும்பு முள் பூட்டிய பூட்ஸ் என்று அவற்றின்மேல் ஏறுகிற விளையாட்டு ஒன்று உண்டு. ஐஸ் கிளைம்பிங் என்றே நம் ஊர் மலையேறிகளும் அதைச் சொல்கிறார்கள். இதற்கென்று ஆண்டுதோறும் விழா எடுக்கும் ஊர்களில் பேர்பெற்ற இரண்டைப் பார்த்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். அமெரிக்காவின் யூரே, வெள்ளியும் தங்கமும் வெட்டிய சுரங்க ஊர். நார்வேயின் ரியுகான், உரத் தொழிலுக்காகவே கட்டப்பட்ட ஊர். யூரேயின் பனிச்சுவர்கள் நீர்மின் நிலையக் குழாயின் கசிவில் தொடங்கியவை. ரியுகானின் பள்ளத்தாக்கு ஏறுவோருக்கு வாய்த்ததற்கு, ஆற்றைக் குழாய்க்குள் திருப்பி மின்சாரம் எடுத்ததும் ஒரு காரணம்.

குழாய் கசிவது வட சென்னைக்குப் புதிதல்ல. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் கொசஸ்தலை ஆற்றில் கசிந்த கதையும், எண்ணூர்க் கடலடியில் அமோனியா குழாய் கசிந்த கதையும் அங்கே வீட்டுக்கு வீடு தெரியும். மலைநாட்டின் தண்ணீர்க் கசிவையும் இந்தக் கசிவுகளையும் அருகருகே வைப்பது விதண்டாவாதம்போலத் தோன்றலாம். ஆனால், தொழிற்சாலை விட்டுவைக்கும் மிச்சம் யார் கைக்குப் போகிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வி எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். பனிச்சுவர் விழாக்களின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு படித்தால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ளவர்களுக்கும் அதில் சேதி இருக்கிறது.

சுரங்க ஊரின் குளிர்காலம்

யூரே, கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,375 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். யூட் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1873இல் ஓர் ஒப்பந்தத்தின் வழியே அவருடைய மக்கள் அந்த மலைகளை இழந்த பிறகுதான் சுரங்கக்காரர்களின் ஊர் எழுந்தது. 1893இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்ததும் வெள்ளிச் சுரங்கங்கள் படுத்தன. சில ஆண்டுகளில் தாமஸ் வால்ஷ் கண்டெடுத்த கேம்ப் பேர்ட் தங்கச் சுரங்கம் ஊருக்கு இன்னொரு மூச்சு கொடுத்தது. பிறகு அதுவும் தேய்ந்தது. கோடையில் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். குளிர்காலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடக்கும்.

ஊரை ஒட்டிய அன்கம்பாகிரே ஆற்றின் குறுகிய இடுக்கில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒரு நீர்மின் நிலையம் இயங்கிவந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் இரும்புக் குழாய் பள்ளத்தாக்கின் விளிம்போரமாகவே ஓடுகிறது. வயதான குழாய் ஆங்காங்கே கசிந்தது. கசிந்த நீர் செங்குத்துப் பாறையில் வழிந்து டிசம்பரில் உறைந்து நின்றது. ஏறுவோர் சிலர் கேட்காமல் கொள்ளாமல் வந்து ஏறிவிட்டுப் போனார்கள்.

1990களின் தொடக்கத்தில், ஊரில் விடுதி நடத்திய பில் விட், கேரி வைல்ட் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். தற்செயலான கசிவில் இவ்வளவு ஐஸ் கட்டுமானால், வேண்டுமென்றே தண்ணீர் விட்டால் எவ்வளவு கட்டும்? விளிம்பு நெடுகப் பிளாஸ்டிக் குழாய் போட்டு, குளியலறை ஷவர் தலைகளை மாட்டித் தண்ணீரைத் தூவவிட்டார்கள். அந்த நிலமும் குழாயும் மின்நிலைய உரிமையாளர் எரிக் ஜேக்கப்சனுடையவை. அவர் விரட்டியிருக்கலாம். மாறாக, பெயரளவுக்கு ஒரு டாலர் குத்தகைக்கு விட்டார். 1996இல் அமெரிக்காவின் முன்னணி மலையேறி ஜெஃப் லோ முதல் விழாவை நடத்தினார். அடுத்த ஆண்டு, லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு பூங்காவின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. இன்று அங்கே 150க்கும் மேற்பட்ட ஏற்றப் பாதைகள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

கட்டணம் இல்லாததற்குப் பெருந்தன்மை மட்டும் காரணம் இல்லை. தன் நிலத்தைக் காசு வாங்காமல் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடும் உரிமையாளர்மீது விபத்துப் பொறுப்பு சுமத்துவதைக் கொலராடோ சட்டம் பெருமளவு மட்டுப்படுத்துகிறது. காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பலவீனப்படும். ஆகவே, இலவசம் என்பது உரிமையாளருக்கும் வசதி, ஏறுவோருக்கும் வசதி. நிலம் தனியாருடையது, தண்ணீர் ஊருடையது, குழாய் மின்நிலையத்துடையது, உழைப்பு ஏறுவோருடையது. நான்கையும் கட்டி நிறுத்தியது ஒரு குத்தகைப் பத்திரமும் ஒரு சட்டப்பிரிவும்.

ஐஸ் விளைவிப்பவர்கள்

யூரே பூங்காவில் குளிர்கால இரவுகளில் வேலை பார்ப்பவர்களை ஐஸ் உழவர்கள் என்று அழைக்கிறார்கள். ஊரின் குடிநீர்த் தேவை போக வழியும் தண்ணீர்தான் அவர்களுக்குப் பாசனம். எந்த வால்வை எவ்வளவு திறப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. தண்ணீர் அதிகமானால் உறையாமல் ஓடி, முந்தைய இரவு கட்டியதையும் கரைத்துவிடும். குறைந்தால் குழாய்க்குள்ளேயே உறைந்து வெடிக்கும். தூவலாக விழுந்தால் மெல்லிய படலம் படலமாக ஏறும். முதலில் ஊசி ஊசியாகத் தொங்கும். ஊசிகள் ஒட்டித் திரையாகும். திரை தரையைத் தொட்டால் தூணாகும். தூண் தடித்துப் பாறையோடு ஒட்டிய பிறகே மனிதர் ஏறலாம்.

வட சென்னையின் காசிமேட்டில் மீன்பிடிப் படகுக்குப் போகும் ஐஸ் கட்டுவது வேறு வழியில். தகர டின்களில் தண்ணீரை ஊற்றி, அமோனியாவால் குளிரவைத்த உப்புக்கரைசல் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். டின்னின் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே வெள்ளைக்கோடாக நிற்கும். அந்த ஐஸ் பாரை அரவை இயந்திரத்தில் போட்டால் நொறுங்கித் தூளாக வேண்டும். நொறுங்குவதுதான் அதன் வேலை. அருவியில் கட்டும் ஐஸுக்கு வேலை நேரெதிர். கோடரி விழுந்தால் நொறுங்காமல் கவ்விப் பிடிக்க வேண்டும். மைனஸ் 3, மைனஸ் 5 டிகிரி அளவில் அது சற்றே இளகி, முனையை உள்வாங்கிக்கொள்ளும். மைனஸ் 20க்குப் போனால் கண்ணாடி மாதிரி விறைத்து, அடித்த இடத்தைச் சுற்றித் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து கீழே நிற்பவர் தலையில் விழும். பழகியவர்கள் சத்தத்தை வைத்தே தரம் சொல்வார்கள். அடைத்த சத்தம் கேட்டால் நம்பலாம். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் கோடரியை உருவிக்கொண்டு பக்கத்தில் தேட வேண்டும்.

இறங்குவதற்கு அவர்கள் கையாளும் உத்தியும் தெரிந்துகொள்ளத் தக்கது. உள்ளே துளையுள்ள, மரை வெட்டிய உலோகக் குழாயை ஐஸுக்குள் கையால் திருகுகிறார்கள். துளை வழியே ஐஸ் உருளையாக வெளியே வருகிறது. ஒரு சாண் தள்ளி இன்னொரு துளையைச் சாய்வாகப் போட்டால் இரண்டும் உள்ளே சந்திக்கும். அந்தச் சந்திப்பின் வழியே சிறு கயிற்றைக் கோத்து முடிந்து, அதில் தொங்கி இறங்குவார்கள். சோவியத் மலையேறியும் பொறியாளருமான விட்டாலி அபலகோவின் பெயரால் இது வழங்குகிறது. ஆணியும் இல்லை, கொக்கியும் இல்லை. ஐஸைத் துளைத்து ஐஸிலேயே தொங்குவதுதான் முறை.

இந்த விளையாட்டின் கருவிகள் எல்லாம் கொல்லுப்பட்டறையில் பிறந்தவை. 1908இல் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பூட்ஸின் அடியில் பூட்டும் இரும்பு முள் சட்டமான கிராம்பானைப் பத்து முள்ளோடு வடிவமைத்தார். அதை அடித்துக் கொடுத்தவர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கூர்மையர் ஊரின் கொல்லர் ஹென்றி கிரிவல். 1929இல் அவர் மகன் லாரன் முன்பக்கம் நீட்டிய இரண்டு முட்களைச் சேர்த்தார். அந்த இரண்டு முள் என்ன செய்தது என்பது 1938இல் ஐகர் மலையின் வடமுகத்தில் தெரிந்தது. பழைய முறையில் படி வெட்டி ஏறிக்கொண்டிருந்த ஹாரர், காஸ்பரெக் இணையை, பன்னிரண்டு முள் கிராம்பான் அணிந்த ஹெக்மயர், ஃபோர்க் இணை பின்னால் கிளம்பி வந்து எட்டிப் பிடித்தது. 1966இல், தானே இரும்படிக்கக் கற்றுக்கொண்ட அமெரிக்கர் இவான் ஷுயினார்ட் பிரான்சில் கோடரிகளைச் சோதித்துப் பார்த்து, முனையை வளைத்தால் அது ஐஸிலிருந்து நழுவாது என்று கண்டார். பட்டறையில் வளைத்த அந்த முனை இல்லாவிட்டால் செங்குத்து அருவிகள் இன்றும் வேடிக்கை பார்ப்பதற்கே இருந்திருக்கும். 1974இல் ஜெஃப் லோவும் மைக் வைஸும் யூரேயின் பக்கத்து ஊரான டெல்லுரைடில் பிரைடல் வெய்ல் அருவியை ஏறினார்கள். அந்த அருவியின் உச்சியிலும் 1907இல் சுரங்கத்துக்காகக் கட்டிய மின்நிலையம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

வெயில் படாத ஊர்

ரியுகானின் கதை இன்னும் பெரிய அளவிலானது. 1905இல் சாம் ஐடே தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம், காற்றிலுள்ள நைட்ரஜனை மின்சாரத்தால் பிடித்து உரம் செய்யத் திட்டமிட்டது. அதற்கு மலிவான மின்சாரம் வேண்டும். ரியுகான் அருவி 104 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. ஆற்றை மலைக்குள் குடைந்த வழியிலும் குழாயிலும் திருப்பி, 1911இல் வெமோர்க் மின்நிலையத்தை ஓடவைத்தார்கள். அன்று உலகிலேயே பெரிய நீர்மின் நிலையம் அதுதான். பின்னாளில் அங்கே கனநீர் தயாரிக்கப்பட்டது. 1943 பிப்ரவரியில் நார்வே எதிர்ப்புப் படையினர், உறைந்த பள்ளத்தாக்கில் இறங்கி மறுபக்கம் ஏறி, ஜெர்மானியர் கைவசமிருந்த அந்தக் கனநீர்ப் பிரிவைத் தகர்த்தார்கள்.

ஆற்றுநீரைக் குழாய் குடித்துவிட்டதால் பள்ளத்தாக்கின் அடியில் பெருவெள்ளம் இல்லை. பக்கவாட்டு ஓடைகளும் பாறைக் கசிவுகளும் குளிரில் உறைந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏற்றப் பாதைகளாகின்றன; சாலையை விட்டு இறங்கினால் பலவற்றின் அடிக்குப் போய்விடலாம். மலைகள் இருபக்கமும் நெருக்குவதால் செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஊருக்குள் நேர்வெயில் விழுவதில்லை. தொழிலாளர்கள் மேலே போய் வெயில் காய்வதற்காக 1928இல் நிறுவனம் ஒரு கம்பிவட ஊர்தியைக் கட்டிக் கொடுத்தது. 2013இல் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். குடியிருப்போருக்குச் சாபமாக இருந்த நிழல்தான் ஐஸ் கரையாமல் காப்பது. 2015இல் ரியுகானும் பக்கத்து நோட்டோடனும் தொழில் மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இன்று உர ஆலை இருந்த ஊருக்குக் குளிர்காலத்தில் வருமானம் தருவோரில் கோடரிக்காரர்களும் உண்டு.

விழா யாருக்கு

யூரே விழா ஜனவரியில் சில நாட்கள் நடக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று ஊரே போட்டியைப் பார்க்கும். கருவி நிறுவனங்கள் பூட்ஸ், கிராம்பான், கோடரிகளைக் கொண்டுவந்து இலவசமாகப் போட்டுப்பார்க்கக் கொடுக்கும். வாங்கினால் பெருந்தொகை ஆகும் சாமான்களைப் புதியவர் ஒருவர் அன்றைக்கே கைப்பிடித்துப் பார்த்துவிடலாம். பயிற்சி வகுப்புகள், குழந்தைகளுக்குத் தனிச் சுவர், இரவில் ஏலம். ஏலத்தில் வரும் பணமும் உறுப்பினர் சந்தாவும் ஆண்டு முழுவதும் குழாயையும் உழவர்களையும் காப்பாற்றுகின்றன. விழா என்பது, கட்டணமில்லாத ஒரு பொதுச்சொத்து தன் செலவுக்கு வழிதேடும் முறை.

இதில் குறை இல்லாமல் இல்லை. குளிர்காலத்திலும் விடுதி நிரம்புவதால் வாடகை ஏறுகிறது. வேலை பார்ப்பவர்கள் குடியிருக்க வீடு தேடி அலைகிறார்கள். இந்த விளையாட்டு நெடுங்காலம் வசதியுள்ள வெள்ளையருக்கானதாகவே இருந்தது. அதைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர்கள் மலையே இல்லாத ஓர் ஊரிலிருந்து வந்தார்கள். மிசிசிப்பி ஆற்றின் சரக்குத் துறைமுகமான மெம்ஃபிஸில், கறுப்பின உழைக்கும் மக்கள் வாழும் சோல்ஸ்வில் பகுதியில், 2018இல் மெம்ஃபிஸ் ராக்ஸ் என்ற ஏற்றக்கூடம் திறக்கப்பட்டது. காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. கட்ட முடியாதவர்கள் மாதத்தில் சில மணிநேரம் தொண்டு செய்தால் போதும். செயற்கைச் சுவரில் பழகிய அந்த இளைஞர்கள் மொன்டானா மாநிலத்துக்குப் போய் உறைந்த அருவியில் ஏறியதைப் பற்றி 2020இல் பிளாக் ஐஸ் என்ற ஆவணப்படம் வந்தது. ஏறுவோர் சமூகம் உருவாக மலை தேவை என்பது பாதி உண்மைதான். சுவரும், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள நம்பகமான ஆளும், கதவைத் திறந்துவைக்கும் ஓர் ஏற்பாடும் இருந்தால் சமூகம் முதலில் உண்டாகும். மலை பிறகு வரும்.

இந்த விளையாட்டின் காலடியே கரைந்துகொண்டிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். குளிர்காலம் சுருங்குவதால் கிடைக்கும் சில குளிர் இரவுகளில் நிறையத் தண்ணீர் தூவியாக வேண்டும். ஊரின் மிச்சநீரோ குறைகிறது. யூரேயில் அண்மையில் கைகொடுத்தது பக்கத்து வெள்ளிச் சுரங்க நிறுவனம். தன் தண்ணீர் உரிமையில் ஒரு பங்கைப் பூங்காவுக்குத் தர அது முன்வந்தது. ஊரை உண்டாக்கிய சுரங்கமே விழாவுக்கும் தண்ணீர் வார்க்கிறது. குளிர் இரவுகளைக் குறைக்கும் கரிப்புகையோ உலகெங்கும் எழுவது. எண்ணூரின் புகைபோக்கிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

லடாக்கின் குழாய்

இந்தியாவில் ஐஸ் ஏற்றத்தை முறையாகச் சொல்லிக்கொடுத்தவை மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள். 1954இல் டார்ஜிலிங்கிலும் 1965இல் உத்தரகாசியிலும் தொடங்கப்பட்டவை அவை. அங்கே அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர் முதன்முதலாகக் கிராம்பான் மாட்டுவது ஒரு பனியாற்றின்மேல். 2022 அக்டோபரில் உத்தரகாசி நிறுவனத்தின் மேற்பயிற்சிக் குழு திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியதில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இது அழகுக்கான விளையாட்டு மட்டுமல்ல என்பதை அந்த நாள் நாட்டுக்கே உணர்த்தியது.

உறைந்த அருவிகளில் ஏறுவது லடாக்கிலும் இமாசலத்தின் ஸ்பிட்டியிலும் அண்மைக் காலத்தில்தான் விழாவாக வளர்ந்திருக்கிறது. லே நகரத்துக்கு மேலே கங்லஸ் பக்கத்திலும் நுப்ரா பள்ளத்தாக்கிலும் ஸ்பிட்டியின் காசா ஊரைச் சுற்றியும் உள்ளூர் வழிகாட்டிகள் பயிற்சி நடத்துகிறார்கள். கோடையில் வெளியாட்களுக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பிழைப்பவர்களுக்குக் குளிர்காலம் வேலையற்ற காலம். விழா அந்த மாதங்களுக்கு வருமானம் தேடுகிறது. கயிற்றின் முன்முனையில் லடாக்கி இளைஞர்களும் பெண்களும் ஏறுவது சுற்றுலாவைவிடப் பெரிய மாற்றம்.

அந்த மண்ணில் குழாயும் ஐஸும் வேறொரு தேவைக்காகச் சேர்ந்தன. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத லடாக்கில், விதைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வற்றியிருக்கும். பனியாறு உருகி வருவதற்குள் பயிர் வாடும். பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களிலிருந்து குளிர்கால ஓடைநீரைத் தடுத்து மலைநிழலில் உறையவைத்தார். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் 2013இல் வேறு வடிவத்தைச் சோதித்தார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே நிமிர்ந்த குழாயின் உச்சியில் பீய்ச்சியடிக்கிறது. கீழே விழும் முன் உறைந்து கூம்பாகக் குவிகிறது. கூம்பின் கொள்ளளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. ஆகவே மெல்லக் கரைந்து, வயல் கேட்கும் மாதத்தில் தண்ணீர் தருகிறது. மேலே ஊற்று, நடுவில் குழாய், கீழே தூவல்: யூரேயின் ஏற்பாடும் இதுவே. ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று விதைப்புக்கு. இரண்டிலும் வால்வைத் திறப்பவர் உள்ளூர்க்காரர்.

எண்ணூரின் குழாய்கள்

வட சென்னையில் வால்வு உள்ளூர்க்காரர் கையில் இருந்ததே இல்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் கிளம்பியது முதல், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது வரை, நாட்டுக்கு வேண்டிய கனமான காரியங்கள் எல்லாம் இந்தக் கரையில் இறக்கப்பட்டன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் 1994இல் தொடங்கியது. அதன் சாம்பல் தண்ணீரோடு கலக்கப்பட்டு, கழிமுகத்தைக் கடக்கும் குழாய்கள் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய்கள் கசிந்து கசிந்து ஆற்றுப்படுகை சாம்பலால் மேடிட்டது. இறால் கையால் தடவிப் பிடிக்கும் ஆழத்தில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களின் காலில் சேற்றுக்குப் பதில் சாம்பல் தட்டுப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவால் பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள்.

யூரேயின் கசிவு தண்ணீர் என்பதால் அது பூங்கா ஆயிற்று, எண்ணூரின் கசிவு நஞ்சு என்பதால் அது கேடாயிற்று என்று இதை முடித்துவிடலாம். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரம் அந்த முடிவை மறுக்கிறது. அங்கே மைடெரிச் இரும்பாலை 1985இல் மூடப்பட்டபோது மண் நஞ்சேறிக் கிடந்தது. பக்கத்து எம்ஷர் ஆறு திறந்த சாக்கடையாக ஓடியது. இடித்துத் தள்ளும் திட்டத்தை ஊரார் எதிர்த்தார்கள். நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ், உலைகளை அப்படியே நிறுத்திக்கொண்டு, கழிவுநீரை நிலத்தடிக் குழாய்க்குள் அடைத்து, மோசமான மண்ணை மூடி வைத்தார். 1994இல் பூங்கா திறந்தது. ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, இரும்புத்தாது கொட்டிவைத்த கான்கிரீட் தொட்டிகளின் சுவர்களில் ஏற்றப் பாதைகள் அமைத்தது. எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. மலை இல்லாத ரூர் சமவெளியில் தொழிலாளர் பிள்ளைகள் தங்கள் அப்பா வேலை பார்த்த ஆலையின் சுவரில் ஏறக் கற்கிறார்கள். நஞ்சைக் கையாண்ட வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் சாக்கடை அடைபட்டது, பிறகுதான் கயிறு கட்டப்பட்டது.

வட சென்னையில் விளையாட்டுச் சமூகத்துக்குக் குறைவில்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகளை வளர்த்த மண் அது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகளாக இங்கே வளர்ந்தவர். தெருமுனைக் கேரம் பலகையும் மாடியறை மணல்மூட்டையும் இப்படிப்பட்டவர்களை உருவாக்கியிருக்கின்றன. உயரத்தில் ஏறும் ஆசையும் கடற்கரைக்கு அந்நியமல்ல. 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறியவர்களில் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியோடு சென்னைக்குத் தெற்கே கோவளத்து ராஜசேகர் பச்சையும் இருந்தார். பொதுச்சொத்தைப் பங்கிட்டு ஆளும் வழக்கமும் கரைக்குப் பழையது. பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பதை மீனவர்கள் பாடு முறையில் தாங்களே தீர்மானிக்கிறார்கள். யூரே பூங்காவில் எந்தப் பகுதி யாருக்கு, மேலே ஆள் இருக்கும்போது கீழே யார் நிற்கக்கூடாது என்று வகுத்திருக்கும் விதிகளைவிட அது நெடுங்காலம் சோதிக்கப்பட்ட ஒழுங்கு.

இல்லாதது ஒன்றுதான்: அந்த ஒரு டாலர் குத்தகை. நிலத்தையும் தண்ணீரையும் வைத்திருப்பவர், பயன்படுத்துகிறவர்களிடம் பேசிக் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம். மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் வந்தபோது பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வளாகத்தை என்ன செய்யலாம் என்று அவர்களைக் கேட்டுத் தொடங்கிய திட்டம் அல்ல அது. கேட்டிருந்தால் ஏறும் சுவர் வேண்டும் என்று யாரும் முதலில் சொல்லியிருக்க மாட்டார்கள். கழிமுகம் தூர்வாரப்பட வேண்டும், குழாய் கசியக்கூடாது, சாம்பல் போக வேண்டும் என்பார்கள். சுத்தமான கழிமுகம்தான் அவர்களுடைய பனிச்சுவர். உழைப்பும் விளையாட்டும் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே யூரேயிலிருந்தும் ரியுகானிலிருந்தும் வட சென்னை கடன் வாங்க வேண்டியது விழாவை அல்ல, விழாவுக்கு முந்தைய மூன்று படிகளை. தொழிலின் மிச்சத்துக்கு அங்கே வாழ்பவர்களும் பங்காளிகள் என்று ஏற்பது முதல் படி. நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரையும் அதைப் பயன்படுத்துகிறவரையும் ஒருசேரக் காக்கும் சட்டம் இரண்டாவது. வால்வைத் திறக்கவும் மூடவும் அதிகாரமுள்ள உள்ளூர் அமைப்பு மூன்றாவது. டூயிஸ்பர்க் இவற்றுக்கு முன்னால் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது: கசிவு நிற்க வேண்டும். இந்த நான்கும் நடந்த ஊரில் என்ன விழா எடுப்பது என்பதை ஊரே பார்த்துக்கொள்ளும். நான்கும் நடக்காத ஊரில் அரசு கட்டித்தரும் பூங்காவும் இன்னொரு சுற்றுச்சுவராகவே நிற்கும்.